சூட்டைத் தின்னும் பெட்டி

அத்தியாயம் 7

அன்றைக்கு வெயில் ஆளை அடிக்கவில்லை. ஆளைப் பிடித்து உட்கார வைத்து நிதானமாகத் தோலை உரித்தது.

காலை ஒன்பது மணிக்கே ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஊருக்குள் கரண்ட் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. தகரக் கூரை போட்ட தையல் கடைக்குள் துப்பறிவாளர் பென்சில் ஒரு கடிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆள் ஒல்லி, தலைமுடி மட்டும் கறுப்பு. அதனால் அந்தப் பெயர். அவனுடைய உதவியாளர் டமாரம் அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்து ரிட்டயர் ஆனவள். ஊர் ரகசியங்களை ஒரு காதில் வாங்கி மறு காதிலும் வாங்கிக்கொண்டவள்.

"இது நாலாவது கடுதாசி சார்," என்றாள் தையல்காரி. "மாசத்துக்கு ஒண்ணு. எங்க கொழுந்தனார்தான் கையில கொண்டுவந்து குடுப்பாரு. அண்ணன் தூர தேசத்துல வேலையில இருக்காரு, விலாசம் கேக்காதீங்க அண்ணிம்பாரு. சம்பளம் வேணாம், சாமான் வேணாம். எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரா இல்லையா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

"கையெழுத்து அவருதுதானே?"

"அவருதுதான். ஆனா இப்படிக் கோணலா எழுத மாட்டாரு. தபால்காரரு சார். இருபத்திரெண்டு வருஷம். எழுத்து முத்து முத்தா இருக்கும்."

பென்சில் பூதக்கண்ணாடியை எடுத்தான். டமாரம் இஸ்திரி மேசையில் சாய்ந்துகொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"அக்கா, இங்க பாருங்க. ஒவ்வொரு வரியிலயும் எழுத்து ஏறி இறங்குது. ஏறி இறங்குது. ஒரே அளவு."

"பயத்துல கை நடுங்கியிருக்கும்."

"பயந்தவன் கை கண்டபடி நடுங்கும். இது கடிகாரம் மாதிரி நடுங்குது. ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு, அதுமேல உக்காந்துகிட்டு எழுதியிருக்காரு." பென்சில் கடிதத்தை மடித்தான். "கப்பல். இன்ஜின் ரூமுக்குப் பக்கத்துல. உங்க வீட்டுக்காரரு உயிரோட இருக்காரும்மா."

தையல்காரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. நாலு மாதம் கழித்து முதன்முதலாக முழு மூச்சு ஒன்று இழுத்தாள். அவ்வளவுதான்.

"எந்தக் கப்பல்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது சார்?"

"அது தெரிஞ்ச ஆள் ஒருத்தன்தான். உங்க கொழுந்தன். சும்மா கேட்டா சொல்ல மாட்டான். கழுத்துல கத்தி வெச்சாத்தான் சொல்லுவான்."

"கத்தியா?"

"அந்தப் பெட்டி பொய்னு பத்துப் பேர் முன்னால காட்டுறேன். அதுதான் கத்தி."

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. தையல்காரியின் கொழுந்தனுக்கு இப்போது பெயர் விஞ்ஞானி. ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரியை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஒரு கறுப்புப் பெட்டியை நிறுத்தியிருந்தான். சுற்றியிருக்கும் சூட்டைத் தின்று கரண்டைக் கக்கும் பெட்டி என்றான். நிலக்கரி வேண்டாம், டீசல் வேண்டாம், வெயில் ஏற ஏற வெளிச்சம் ஏறும். இன்றைக்குப் பதினோரு மணிக்கு மின்துறையிலிருந்து மூன்று அதிகாரிகள் கடைசி முறையாகப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் பெட்டியும் விஞ்ஞானியும் இன்றைக்கே தலைநகருக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

"உங்க கடையில சின்ன இஸ்திரிப் பெட்டி ஏதாவது இருக்கா?" என்றான் பென்சில்.

"காலர் தேய்க்கிறது ஒண்ணு இருக்கு."

"எடுத்துக்குங்க. கிளம்பலாம்."

*

வழியில் ஒரு குடைக்குள் மூன்று பேர். நிழல் போதவில்லை. பாதி டமாரத்துக்கே சரியாகப் போயிற்று.

பென்சில் நடந்துகொண்டே ஒரு நோட்டைப் புரட்டினான். பெட்டி ஓடுவதை முப்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து குறிக்கச் சொல்லி அதிகாரிகள் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை வைத்திருந்தார்கள். அவருடைய நோட்டு அது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொட்டாவி விட்டதைக்கூட நேரம் போட்டு எழுதியிருந்தார்.

"தினமும் காலையில பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஓடுது. பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் இயந்திரம் ஆறுது. திரும்ப மூணுல இருந்து ஆறு."

"மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுது," என்றாள் டமாரம். "கவர்மென்ட் மெஷினா?"

"சூட்டைத் தின்னுற மெஷின் உச்சி வெயில்ல ஏன் நிக்கணும், அதான் கேள்வி. பதில் நான் சொல்றேன். உள்ள பேட்டரி. கூரைமேல யாருக்கும் தெரியாம சோலார் பலகை. உச்சி வெயில்ல சார்ஜ் ஏறுது. நிஜமான மாற்று மின்சாரத்த ஒளிச்சு வெச்சுட்டு, பொய்யான மாற்று மின்சாரத்த விக்கிறான்."

"அப்ப பதினாலாந்தேதியில இருந்து மூணு நாள் பாதி வெளிச்சம்தான்னு வாத்தியார் எழுதியிருக்காரே. அந்த மூணு நாளும் வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது. நான் துணி காயப்போட்டேன்."

"பேட்டரி பழசாயிருக்கும்."

"எனக்கென்னவோ ஜுரம்னு தோணுது. உன் விஞ்ஞானி அந்த வாரம் மருந்துக்கடையில ஜுர மாத்திரை வாங்கியிருக்கான். கடைக்காரன் சம்சாரம் என்கிட்ட சொன்னா. தைலம் டஜன் கணக்குல. குளுக்கோஸ் பெட்டி பெட்டியா."

"வெயில் காலம் அக்கா. எல்லாரும்தான் குளுக்கோஸ் வாங்குறாங்க."

"நான் வாங்கலையே."

"நீங்க குடிச்சா பேச்சு நிக்காதுன்னு கடைக்காரனுக்கே தெரியும்."

தையல்காரி சிரித்துவிட்டாள். கணவன் கப்பலில் இருக்கிறான் என்று தெரிந்ததும் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "கப்பல்ல போறதுக்கு அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது அக்கா," என்று தனக்குள்ளே சொல்வதுபோலச் சொன்னாள்.

*

ஐஸ் பேக்டரியின் பெரிய கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். விஞ்ஞானம் பார்க்க வந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் டேபிள் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள். ஃபேன் திரும்பும் பக்கமெல்லாம் கூட்டமும் சேர்ந்து சாய்ந்தது.

கறுப்புப் பெட்டி ஒரு பீரோ உயரத்துக்கு நின்றது. தரையோடு சேர்த்துப் போல்ட் போட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு வயர் மேசைக்கு வந்தது. மேசையில் ஒரு பல்பு, அந்த ஃபேன், ஒரு பிளக் பாயின்ட். பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டன். வருகிறவர்கள் தங்கள் கையால் எதையாவது மாட்டிப் பார்க்கலாம். பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை கரண்ட் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். மேலே ஓர் அட்டை தொங்கியது: பத்து வினாடிக்கு மேல் அழுத்த வேண்டாம்.

விஞ்ஞானி வெள்ளைக் கோட்டில் இருந்தான். வியர்வை இல்லாத ஒரே ஆள் அவன்தான்.

"வருஷா வருஷம் பூமி கொதிக்குது," என்று பேசிக்கொண்டிருந்தான். "பனி உருகுது, கடல் ஏறுது, ஜனங்க சுருண்டு விழுறாங்க. எல்லாரும் சூட்டைப் பார்த்துப் பயப்படுறாங்க. நான் அதைச் சாப்பாடாப் பார்த்தேன்." தையல்காரியைக் கண்டதும் நிறுத்தினான். "வாங்க அண்ணி. அண்ணன் கடுதாசி படிச்சீங்களா?"

"படிச்சேன் தம்பி."

"நல்லா இருக்காரு. கவலைப்படாதீங்க."

பென்சில் முன்னால் போனான். "ஐயா, ஒரு சின்ன சோதனை. இந்தம்மா இஸ்திரிப் பெட்டிய மாட்டி நூறு எண்ற வரைக்கும் பட்டனைப் பிடிக்கட்டும். சூட்டைத் தின்னுற பெட்டிதானே. இன்னைக்குச் சூட்டுக்குப் பஞ்சமில்ல."

"அட்டையில பத்துன்னு போட்டிருக்கே சார்," என்றான் விஞ்ஞானி.

"பதினொண்ணாவது வினாடியில என்ன ஆகும்? அதைத்தான் பார்க்கணும்."

மூத்த அதிகாரி ஃபைலால் விசிறிக்கொண்டே, "நியாயமாத்தான் இருக்கு. பண்ணட்டும்," என்றார்.

விஞ்ஞானி செருப்பில் ஒட்டிய தாரை உதறுவதுபோலக் காலைத் தரையில் இரண்டு முறை தட்டினான்.

"ஆணி ஏதும் குத்திடுச்சா தம்பி?" என்றாள் டமாரம்.

தையல்காரி இஸ்திரியை மாட்டினாள். சிவப்புப் பட்டனில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். துணி அளக்கும்போது எண்ணுகிற குரலில், நிறுத்தி நிறுத்தி எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பத்து வந்தது. "போதும் அண்ணி, விட்டுடுங்க," என்றான் விஞ்ஞானி, எல்லாருக்கும் கேட்கும்படி.

"விடாதீங்க," என்றான் பென்சில்.

பன்னிரண்டில் பல்பு மங்கியது. பென்சில் உதட்டோரம் சிரித்தான். ஆனால் பதினைந்தில் பல்பு மெல்ல மெல்ல ஏறி, முன்பிருந்ததைவிடப் பளிச்சென்று எரிந்தது. கூட்டம் கை தட்டியது. முப்பதில் திரும்ப மங்கியது. திரும்ப ஏறியது. இந்தத் தடவை ஏற நேரம் எடுத்துக்கொண்டது. ஃபேன் ஒரு சுற்று வேகமாகவும் ஒரு சுற்று மெதுவாகவும் சுற்றியது.

"மாடிப்படி ஏறுற குண்டன் மாதிரி மூச்சு வாங்குதே," என்றாள் டமாரம். கூட்டம் சிரித்தது.

ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. விஞ்ஞானி பட்டனை நோக்கிக் கையை நீட்டினான். அதிகாரி தடுத்தார். பென்சில் அவன் முகத்தைப் பார்த்தான். மாட்டிக்கொண்ட திருடன் கதவைப் பார்ப்பான், கூட்டத்தைப் பார்ப்பான். இவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது என்னவென்று யோசிக்கப் பென்சிலுக்கு நேரம் இருந்தது. யோசிக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தான்.

தையல்காரிக்கும் உற்சாகம் ஏறியிருந்தது. கட்டைவிரல் வெளுக்க அழுத்தினாள். அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. இஸ்திரிப் பெட்டி சூடாகித் துணி வாசனை அடித்தது. எழுபது. பல்பு சிவந்தது. எழுபத்தொன்று. அணைந்தது.

"பேட்டரி செத்துப்போச்சு," என்று பென்சில் அதிகாரிகளிடம் திரும்பினான். "ஐயா, இதுதான் அந்த அதிசயம். இப்ப கூரைமேல ஒரு ஏணி போட்டுப் பார்த்தீங்கன்னா..."

ஃபேன் மூன்று சுற்று சும்மா சுற்றி நின்றது. கூடம் அமைதியானது. அப்போதுதான் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பெட்டிக்குக் கீழேயிருந்து வந்தது. டிக் டிக் டிக் டிக் என்று விரைவாக ஆரம்பித்து, டிக், டிக் என்று தளர்ந்து கொண்டே போனது.

சைக்கிள் மிதித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சத்தம். மிதிப்பதை நிறுத்திவிட்டால் பின் சக்கரம் போடுகிற சத்தம்.

டமாரம் பென்சிலின் சட்டையைப் பிடித்தாள். "பேட்டரிக்கு எதுக்குடா குளுக்கோஸ்?"

பென்சில் திரும்புவதற்குள் தையல்காரி ஓட ஆரம்பித்திருந்தாள். இருபத்திரெண்டு வருஷம் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்தச் சத்தம் வாசலில் வந்து நின்றதைக் கேட்டவள் அவள். கூடத்தின் பின்பக்கம் கீழே இறங்கும் படிக்கட்டு, அதன் அடியில் ஒரு மரக் கதவு. உள்ளே தாழ்ப்பாள். அவள் இரண்டு கையாலும் தட்டினாள். பென்சில் மூன்று முறை தோளால் மோதியதும் தாழ்ப்பாள் பிய்ந்தது.

உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது. முன்பு ஐஸ் உறைய வைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்த குழி அது. ஜன்னல் கிடையாது. நடுவில் முன் சக்கரமில்லாத ஒரு சைக்கிள், சிமென்டில் பதித்தது. அதன் பின் சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் மேலே பெட்டிக்குள் போனது. ஹேண்டில்பாரில் ஒரு எழுதுபலகையைக் கட்டியிருந்தார்கள். அதில் பாதி எழுதிய ஐந்தாவது கடிதம். ஏறி இறங்கும் எழுத்து.

பென்சில் அதைப் பார்த்தான். கப்பல்.

தபால்காரர் ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்து கிடந்தார். இளைத்து உடம்பில் பாதிதான் மிச்சமிருந்தது, தொடைகள் மட்டும் மரக்கட்டை போல இருந்தன. வழுக்காமல் இருக்கப் பாதங்களைத் தோல் வாரால் பெடலோடு கட்டியிருந்தார். தையல்காரி அவர் முகத்தை நிமிர்த்தினாள். கண் திறந்திருந்தது. அவளை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

"பிடிச்சுக்கிச்சா?" என்றார்.

"என்னங்க? என்ன கேக்கறீங்க? நான்தாங்க."

"பிடிச்சுக்கிச்சா?"

"என்ன பிடிச்சுக்கிச்சு? சொல்லுங்க. யாராவது தண்ணி கொண்டாங்க. என்னங்க, எனக்குப் புரியல."

அவர் திரும்பச் சொல்லவில்லை. பாதங்கள் பெடலிலேயே இருக்க, அவரைச் சீட்டிலிருந்து சரித்துத் தரையில் கிடத்தினார்கள். டமாரம் முழங்கால் போட்டு உட்கார்ந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்து அழுத்தினாள். அதிகாரி ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். வெகு நேரம் அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

படியில் விஞ்ஞானி நின்றுகொண்டிருந்தான். பின்னால் அவனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர்.

"ஏன்டா," என்றான் பென்சில்.

"நான் அவரை ஒரு நாள்கூட அடிச்சது இல்ல," என்றான் விஞ்ஞானி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "பூட்டினதும் இல்ல. தாழ்ப்பாளைப் பாருங்க, உள்பக்கம். எப்ப வேணாலும் எந்திரிச்சுப் போயிருக்கலாம்."

"பின்ன ஏன் போகல?"

"நம்பினாரு. நின்ன வண்டியத் தள்ளி விடுற மாதிரிதான் அண்ணே, ஆரம்பத்துல நீ மிதிச்சுக் குடு, அப்புறம் அதுவே பிடிச்சுக்கும்னு சொன்னேன். பெரிய லோடு வரணும், அன்னைக்குப் பிடிச்சுக்கும்னு சொன்னேன். நான் காலைத் தட்டினா லோடு வருதுன்னு அர்த்தம். பிடிச்சதும் முதல் லைன் அண்ணி கடைக்குத்தான்னு சொன்னேன். அந்தத் தகரத்துக்குக் கீழ அண்ணி மயங்கி மயங்கி விழறாங்கன்னு அழுதுகிட்டே வந்தாரு. சொன்னா ஊருக்குப் பரவிடும், பிடிச்சதும் அண்ணிகிட்ட சொல்லிக்கலாம்னு நானும் அவரும் பேசி வெச்சதுதான் அந்தக் கடுதாசியெல்லாம்."

தையல்காரி திரும்பவில்லை. கணவனின் தலையை மடியில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்டது என்ன என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல ஆள் இல்லை.

"நாலு மாசம் சார்," என்றான் விஞ்ஞானி. "ஜுரம் வந்துச்சு, நான்தான் பார்த்துக்கிட்டேன். அவருக்கு எதுவும் ஆகல. பத்து வினாடிக்கு மேல வேணாம்னு அட்டை போட்டு வெச்சிருக்கேன். விட்டுடுங்கன்னு வாயால சொன்னேன், முப்பது பேர் கேட்டாங்க. தடுக்கக் கையையும் நீட்டினேன், இந்த ஐயாவே பார்த்தாரு. என்மேல மோசடின்னு கேஸ் போடுங்க. கொலைன்னு போட்டா, பட்டன்ல யார் கை இருந்துச்சுன்னு கேப்பாங்க."

"கொலைகாரன்தான்டா நீ," என்றான் பென்சில். "நூறு வரைக்கும்னு சொன்னது நான். என்னைச் சொல்லு."

"சொன்னது நீங்க. அழுத்தினது யாரு?"

படிக்கட்டில் நின்ற கூட்டம் தையல்காரியைப் பார்த்தது. மூத்த அதிகாரி தன் ஃபைலைப் பார்த்தார்.

"நான்தான்யா அழுத்தினேன்," என்று டமாரம் எழுந்தாள். "வயசானவ, காது கேக்கல, நீ விடச் சொன்னது எனக்குத் தெரியாது. எவன் வந்து கேட்டாலும் அதான் பதில். இங்க இருக்கிறவங்க எல்லாரும் பார்த்தாங்க. பார்த்தீங்கல்ல?"

இரண்டு மூன்று தலைகள் மெல்ல ஆடின. அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம் அக்கா," என்றாள் தையல்காரி. நிமிரவில்லை. "எழுபத்தொண்ணு வரைக்கும் நான்தான் எண்ணினேன். நடுவுல ஒரு தடவை லேசா விரல் வலிச்சுது. மாத்தி அழுத்தினேன்."

கணவனின் தலையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, அவர் காலடிக்கு நகர்ந்தாள். பெடல்களோடு பாதத்தைக் கட்டியிருந்த தோல் வார்கள் வியர்வையில் ஊறி இறுகிப்போயிருந்தன. விரலால் ஒரு பக்கிளை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. நகம் மடங்கியது. குனிந்து, நூலைக் கடிப்பதுபோலப் பல்லால் வாரைப் பிடித்து இழுத்தாள்.